ஆங்கிலம் வரலையா? வண்டியை ஓரங்கட்டு!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலையைக் குடைந்து செல்லும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே டென்வர் நகரம் சுமார் நூறு கிலோமீட்டர். அதற்குள் ஐ-70 நெடுஞ்சாலை ஏறக்குறைய 6,000 அடி இறங்கிவிடுகிறது. நகரத்தை நெருங்கும்போது மலை முடிந்துவிட்டது போலத் தோன்றும், சமவெளி கண்ணில் படும். அங்கேதான் லாரிக்காரர்களுக்கென்றே பெரிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். ‘ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் நாலு மைல் செங்குத்துச் சரிவும் வளைவும் இருக்கிறது’ என்கிறது ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று: ‘நீங்கள் இன்னும் கீழே வந்து சேரவில்லை.’

வண்டியும் லோடுமாகச் சேர்த்து 36 டன். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறும், பிடிமானம் போகும். 2019 ஏப்ரல் 25 அன்று இந்த இறக்கத்தின் அடிவாரத்தில், லேக்வுட் என்ற இடத்தில், பிரேக் போன லாரி ஒன்று நெரிசலில் நின்ற வாகனங்கள்மேல் பாய்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23, கியூபாவில் பிறந்தவர். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் போட்டிருந்த சரளைப் பாதையை அவர் தாண்டி வந்திருந்தார். நீதிமன்றம் 110 ஆண்டுச் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, ஆளுநர் அதைப் பத்து ஆண்டாகக் குறைத்தார்.

பலகை புரியாமல் போனதா, பதற்றத்தில் கோட்டைவிட்டாரா, மலையில் ஓட்டிப் பழக்கமே இல்லையா? அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 2025-ல் அதற்கு வாஷிங்டன் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது: ஆங்கிலம்.

எண்பது வயது தாண்டிய விதி

டிரம்ப் வந்துதான் இந்த விதியைக் கொண்டுவந்தார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. மாநில எல்லை தாண்டி லாரி ஓட்டுபவருக்கு ஆங்கிலம் படிக்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1930-களிலேயே எழுதப்பட்ட விதி. 1937 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று கூட்டாட்சி விதித் தொகுப்பில் 391.11 என்ற எண்ணில் இருக்கும் அது, ஓட்டுநரிடம் நான்கு காரியங்களை எதிர்பார்க்கிறது. பொதுமக்களிடம் பேசத் தெரிய வேண்டும், சாலைப் பலகைகள் புரிய வேண்டும், அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் ‘போதுமான’ அளவு ஆங்கிலம். எவ்வளவு போதும் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அதுதான் எண்பது ஆண்டுகளாக இழுபறி.

1990-களில் குடிமக்கள் உரிமை அமைப்புகள் இது பிறந்த நாட்டைப் பார்த்துப் பாகுபாடு காட்ட வழிவிடுகிறது என்றன. அரசு 1997-ல் விதியை மாற்றலாமா என்று கருத்துக் கேட்டது. மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் வரவில்லை என்று 2003-ல் கோப்பை மூடியது. அடுத்த சில ஆண்டுகளில், சாலையோரச் சோதனைக்கான பொது அளவுகோல்களை வகுக்கும் வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டமைப்பு, ஆங்கிலம் வராத ஓட்டுநரை அங்கேயே இறக்கிவிடலாம் என்று சேர்த்தது. 2015-ல் அதே அமைப்பே அதை எடுத்துவிட்டது. 2016 ஜூனில் கூட்டாட்சி அரசின் லாரிப் பாதுகாப்பு நிர்வாகம் இன்னும் தளர்த்தி ஒரு சுற்றறிக்கை விட்டது: மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடிக்கலாம், குறிப்பு அட்டை காட்டலாம், கைபேசிச் செயலியும் வைத்துக்கொள்ளலாம். விதி புத்தகத்தில் இருந்தது. சாலையில் அதற்குப் பல் இல்லை.

2025 ஏப்ரல் 28 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு அந்தப் பல்லைத் திரும்பக் கட்டியது. மே மாதம் போக்குவரத்துத் துறைச் செயலர் ஷான் டஃபி, டெக்சாஸின் ஆஸ்டினில் லாரிக்காரர்கள் சூழ நின்று புதிய வழிகாட்டுதலில் கையெழுத்திட்டார். ஜூன் 25 முதல், ஆங்கிலத்தில் தேறாத ஓட்டுநர் அந்த இடத்திலேயே வண்டியைவிட்டு இறங்கியாக வேண்டும்.

எடைச் சாவடியில் கால் மணி நேரம்

இது நடக்கும் விதம் இப்படி. நெடுஞ்சாலை எடைச் சாவடியில் லாரியை உள்ளே வரச் சொல்கிறார்கள். அதிகாரி வந்து கதவருகே நிற்கிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், டிரெய்லரில் என்ன லோடு, எத்தனை மணிக்கு ஓட்ட ஆரம்பித்தாய்? லைசென்ஸ், பதிவுச் சான்று, சரக்குச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ் எடு. ஓட்டிய நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியில் நேற்றைய பக்கத்தைக் காட்டு. ஒரு நாளில் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் அந்தக் கருவியில்தான் அதிகாரிக்கு முதல் கண்.

பேச்சு தடுமாறுகிறது என்று பட்டால் தனிச் சோதனை தொடங்கும். முதலில் நேர்காணல், பிறகு சாலைப் பலகைகளின் படங்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பது. போனை எடுக்கக் கூடாது, அட்டை காட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. காது கேளாத ஓட்டுநர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் வாய் திறந்து பேசவில்லை என்பதற்காகக் குற்றம் எழுதுவதில்லை. மற்றவர் தேறவில்லையென்றால் கதை முடிந்தது. கம்பெனி இன்னோர் ஓட்டுநரை அனுப்பும்வரை லாரி அங்கேயே கிடக்கும். உள்ளே குளிர்சாதன டிரெய்லரில் ஸ்ட்ராபெரி இருந்தாலும் அப்படித்தான்.

2025 அக்டோபர் முடிவதற்குள் இப்படி இறக்கப்பட்டவர்கள் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டதாக டஃபியே அறிவித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெக்சிகோ எல்லையை ஒட்டிய வணிக மண்டலங்களில் இந்தத் தண்டனை கிடையாது. டெக்சாஸின் லரேடோ பாலங்களின் வழியாக ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் சரக்கு லாரிகள் வடக்கே வருகின்றன. அவற்றை இழுத்து வந்து கிடங்கில் விட்டுவிட்டுத் திரும்பும் ஓட்டுநர்களில் பலருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். அந்த மண்டலத்துக்குள் பிடித்தால் குற்றச் சீட்டு எழுதுவார்கள், இறக்கிவிட மாட்டார்கள். இறக்கினால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஓட்டுநர், அதே ஆங்கிலம்; மண்டலக் கோட்டைத் தாண்டினால் ஆபத்தானவர், உள்ளே இருந்தால் பரவாயில்லை. பாதுகாப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இருமிக்கொள்கிறார்கள்.

வடக்கே வேறு சங்கடம். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு மட்டுமே பேசி முப்பது வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நுழைந்தால் அவர்களுக்கும் இதே கேள்விகள்தான்.

புளோரிடா திருப்பம்

2025 ஆகஸ்ட் 12 அன்று புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் அருகே கட்டணச் சாலையில் ஒரு லாரி ‘அதிகாரிகள் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்த இடைவெளியில் யூ-டர்ன் அடித்தது. டிரெய்லர் சாலையைக் குறுக்காக மறித்தது. பின்னால் வந்த மினிவேன் அதன் அடியில் புகுந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். ஓட்டியவர் பஞ்சாபிலிருந்து போன இளைஞர். விபத்துக்குப் பிறகு நடத்திய சோதனையில் 12 கேள்விகளில் இரண்டுக்குத்தான் சரியாகப் பதில் சொன்னார், நான்கு பலகைகளில் ஒன்றைத்தான் அடையாளம் காட்டினார் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது.

பல சேனல்கள் அந்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் அதே துறையின் அறிக்கையில் மீதியும் இருக்கிறது. இவருக்கு வாஷிங்டன் மாநிலம் 2023-ல் தரக் கூடாத லைசென்சைத் தந்தது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா இன்னொன்றைத் தந்தது. விபத்துக்கு ஆறு வாரம் முன்பு நியூ மெக்சிகோவில் வேகத்துக்காக நிறுத்தப்பட்டபோது யாரும் ஆங்கிலம் சோதிக்கவில்லை என்பது துறையின் குற்றச்சாட்டு. மூன்று மாநிலங்களின் கையில் அவருடைய காகிதங்கள் இருந்திருக்கின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் இருந்த தடை எழுத்தில்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தால் உதவியிருக்கலாம். ஆனால் டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு விரைவுச் சாலையில் யூ-டர்ன் அடிக்கக் கூடாது என்று எந்த மொழியிலும் ஒரே ஒரு நாள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தாலே அவருக்குப் பலகை தேவைப்பட்டிருக்காது.

விபத்து நடந்து பத்து நாளுக்குள் வெளியுறவுச் செயலர் மார்கோ ரூபியோ லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாக்களை நிறுத்தினார். செப்டம்பர் இறுதியில் வெளிநாட்டவருக்கான வணிக லைசென்சுகளை மூன்று விசா வகைகளுக்குள் சுருக்கும் அவசர விதி வந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் அப்படிப்பட்ட லைசென்ஸ் இருந்தது. பெரும்பாலோர் இழப்பார்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. நவம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்காலத் தடை போட்டது. கலிபோர்னியாவுக்குத் தர வேண்டிய 4 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதியை, ஆங்கில விதியை அமல்படுத்தவில்லை என்று டஃபி பிடித்துவைத்தார்.

தலைப்பாகையைப் பார்த்ததும்

அமெரிக்க லாரி ஓட்டுநர்களில் கிட்டத்தட்ட ஆறில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். சீக்கியர்கள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருப்பதாகச் சீக்கிய அமைப்புகள் சொல்கின்றன. ஐ-40 நெடுஞ்சாலையில் நியூ மெக்சிகோ, டெக்சாஸ், ஓக்லஹோமா வழியாகப் போனால் டீசல் பங்கோடு ஒட்டிய பஞ்சாபி தாபாக்களைப் பார்க்கலாம். சோளே, பராத்தா, ஏலக்காய் டீ. பக்கத்தில் லாரி நிறுத்த விசாலமான இடம். எண்பதுகளில் பஞ்சாப் கலவரத்துக்குத் தப்பி வந்த தலைமுறை போட்ட பாதை அது. தலைப்பாகையும் தாடியும் எடுக்கச் சொல்லாத வேலையாக அவர்களுக்கு லாரி கிடைத்தது.

புளோரிடா விபத்துக்குப் பிறகு இவர்களை லாரி நிறுத்தங்களில் முறைப்பதும் திட்டுவதும் அதிகமாகிவிட்டதாகச் சமூக அமைப்புகள் புகார் சொல்கின்றன. அதிகாரிக்கும் தலைப்பாகையைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தோன்றுகிறதா என்பதை எந்தப் படிவமும் பதிவு செய்வதில்லை.

அந்தச் செப்டம்பரில் ஓக்லஹோமாவில் நடந்த சோதனையில் ஒரு காட்சி நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். மாநில ஆளுநர் ஒரு லைசென்சின் படத்தை இணையத்தில் போட்டார். நியூயார்க் கொடுத்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தரப்படவில்லை’ என்று அச்சடித்திருந்தது. நாடே சிரித்தது, பெயர் தெரியாதவனுக்கெல்லாம் லைசென்சா என்று. ஒற்றைப் பெயரோடு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் காகிதங்களை அமெரிக்கக் கணினி அப்படித்தான் நிரப்பும். குடும்பப் பெயர் இல்லாமல் இன்ஷியலோடு விமானமேறிய தமிழர்கள் எத்தனை பேர் ‘முதல் பெயர் தெரியாது’ என்ற முத்திரையோடு கலிபோர்னியாவில் வங்கிக் கணக்குத் திறந்திருக்கிறார்கள்! அவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் யாரும் சிரிப்பதில்லை.

விமானத்தில் எப்படிச் செய்தார்கள்?

ஆங்கிலம் கேட்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். காட்டுத்தீ வந்தால் மின்பலகையில் ‘எல்லா லாரிகளும் அடுத்த வழியில் வெளியேறவும்’ என்று எழுத்தில்தான் ஓடும். பனிக்காலத்தில் டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்லும் அறிவிப்பும் அப்படியே. அமிலம் ஏற்றிய டேங்கர் கவிழ்ந்தால் தீயணைப்புக்காரர் முதலில் கேட்பது ஓட்டுநரைத்தான். ஐரோப்பாவில் ஒரு லிதுவேனியர் லாரி ஓட்டிக்கொண்டு போர்ச்சுகல்வரை போய் வருகிறார் என்றால், அங்கே 1968 வியன்னா உடன்பாட்டின்படி பலகைகள் பெரும்பாலும் படமாக இருப்பது ஒரு காரணம். அமெரிக்கா எழுத்தை நம்பிக் கட்டிய நாடு.

ஆனால் எழுத்து தெரிந்தவர்கள் எல்லாம் பலகையைப் படித்துவிடுவதில்லை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, முன்பு உயரம் 11 அடி 8 அங்குலம். முன்கூட்டியே எச்சரிக்கை, மின்னும் விளக்கு, ‘உயரம் அதிகம், திரும்பு’ என்று பளிச்சிடும் மின்பலகை, எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். வாடகை லாரிகள் வந்து கூரையைச் சீவிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. எதிரே கேமரா வைத்து ஒருவர் எடுத்துப் போடும் காணொளிகளுக்கு உலகெங்கும் ரசிகர்கள். 2019-ல் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். இப்போதும் முட்டுகிறார்கள். அந்தப் பலகையை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மொழிதான் உயிரைக் காக்கும் என்றால் அதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு விமானத் துறை ஒரு வழி காட்டியிருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானிகளின் ஆங்கிலம் போதாததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிநிலைகள் கொண்ட அளவுகோலை வகுத்தது. நான்காம் நிலைக்குக் கீழே இருப்பவர் பன்னாட்டு வழித்தடத்தில் பறக்க முடியாது. நான்கில் இருப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி தேற வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று தனித்தனியாக மதிப்பிடுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, விமானம் ஏறுவதற்கு முன்னால் சோதிக்கிறார்கள்.

லாரிக்காரருக்கு? எழுத்துத் தேர்வை வேறு மொழியில் நடத்த மாநிலங்களுக்குக் கூட்டாட்சி விதியே நெடுங்காலம் இடம் கொடுத்திருந்தது. ஓட்டும் தேர்வு ஆங்கிலத்தில்தான். அதில் வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, ‘விரிசல் இல்லை, வளையவில்லை, உடையவில்லை’ என்று ஒப்பிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் இந்த மூன்று சொல்லை மந்திரம்போல் உருப்போடவைக்கிறார்கள். அர்த்தம் தெரியாமலும் ஒப்பிக்கலாம். தேறினால் மாநிலம் முத்திரை குத்தும், கம்பெனி சாவியைக் கொடுக்கும், ‘இவருக்குப் போதிய ஆங்கிலம் உண்டு’ என்று பார்க்க வேண்டிய பொறுப்பு விதிப்படி அந்தக் கம்பெனிக்குத்தான். ஆயிரம் மைல் ஓட்டிய பிறகு, வையோமிங்கிலோ டென்னசியிலோ ஒரு போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டி, உனக்கு ஆங்கிலம் வருமா என்று கேட்கிறார். பந்தி நடக்கும்போது ஜாதகம் பார்க்கிற கதைதான். இறக்கப்பட்டவருக்குக் கூலி போகும். அவரை ஏற்றிய பள்ளி, மாநிலம், முதலாளி ஆகிய மூவருக்கும் அந்த எடைச் சாவடியில் ஒன்றும் ஆவதில்லை.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறாக ஒரு முடிவெடுத்தார்கள். போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை மத்திய அரசு 2019-ல் நீக்கியது. படிப்பில்லாவிட்டாலும் கைத்திறமை உள்ளவர்கள் பிழைக்கட்டும், பயிற்சியையும் தேர்வையும் இறுக்கிக்கொள்கிறோம் என்றார்கள். முதல் பாதி உடனே நடந்தது. இரண்டாம் பாதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை எந்த ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி எத்தனை மணி நேரம்?

சொந்த லாரி ஓட்டுநர்களின் சங்கம் ஆங்கில விதியை ஆரம்பத்திலிருந்தே வரவேற்றது. அதன் கோபத்தில் நியாயம் உண்டு. அரைகுறைப் பயிற்சியோடு வருபவர்களை வைத்துச் சில முதலாளிகள் வாடகையை அடிமாட்டு விலைக்கு இறக்குகிறார்கள். ஒழுங்காக ஓட்டுபவர் வண்டித் தவணை கட்ட முடியாமல் நிற்கிறார். மைல் கணக்கில்தான் கூலி. கிடங்கில் லோடு இறக்க ஐந்து மணி நேரம் காத்திருந்தாலும் சக்கரம் உருளாதவரை பல கம்பெனிகளில் காசு இல்லை, அல்லது சொற்பம். தூக்கம் கெட்டு ஓட்டுவது இதிலிருந்துதான் பிறக்கிறது. அது எந்த நேர்காணலிலும் வெளிவராது.

கனடாவில் 2018 ஏப்ரலில் ஹம்போல்ட் ஐஸ் ஹாக்கி அணியின் பேருந்து லாரியில் மோதி 16 பேர் இறந்தது நினைவிருக்கலாம். லாரி ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போனவர், தொழிலுக்குப் புதியவர். தாண்டியது ‘நில்’ பலகையை. எட்டு மூலை கொண்ட சிவப்புப் பலகை. எழுத்தை அழித்துவிட்டாலும் உலகில் எவருக்கும் தெரியும். அந்தச் சாவுகளுக்குப் பிறகு கனடாவின் பல மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டாயப் பயிற்சி நேரத்தைக் கொண்டுவந்தன.

அமெரிக்காவில் 2022 பிப்ரவரி முதல் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கட்டாயம். ஆனால் ஸ்டியரிங்கில் இத்தனை மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு கூட்டாட்சி விதியில் இல்லை. பயிற்றுநர் ‘போதும்’ என்றால் போதும். பயிற்சிப் பள்ளி நடத்த விரும்புபவர், நான் தகுதியானவன் என்று தானே உறுதிமொழி கொடுத்து அரசுப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் 16,000 இடங்கள் இருந்தன. 2025 டிசம்பரில்தான் அரசு அதைத் தட்டிப் பார்த்தது: சுமார் 3,000 பயிற்சி நிலையங்களை நீக்கப்போவதாகவும் இன்னும் 4,500-க்கு எச்சரிக்கை அனுப்பியிருப்பதாகவும் டஃபி அறிவித்தார். ஆங்கிலம் தெரியாத ஓட்டுநர்களை ஜூன் மாதமே சாலையில் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் தயாரித்து அனுப்பிய கடைகளின் கதவைத் தட்ட இன்னும் ஐந்து மாதம் பிடித்திருக்கிறது.